நரி முகம் யாருக்கு?

மலேசியாவின் ஜோகூரில் நரி கிடையாது. காட்டுப்பன்றி உண்டு, உடும்பு உண்டு. உலு திராமில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து குப்பைத்தொட்டியைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் குரங்கும் உண்டு. நரி மட்டும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஆட்கள் வாயில் நரி வராத நாள் இல்லை. நாலு நம்பர் லாட்டரி அடித்தவனைப் பார்த்து, "காலையில நரி மொகத்துல முழிச்சியா?" என்பார்கள். சிங்கப்பூர் பாலத்தில் ஜேம் இல்லாமல் சீக்கிரம் வீடு வந்து சேர்ந்தவனிடமும் அதே கேள்விதான். கேட்பவரும் நரியைப் பார்த்ததில்லை, பதில் சொல்பவரும் பார்த்ததில்லை. இந்த ஒரு பேச்சை நம்பி நானும் என் சம்பந்தியும் ஜப்பான் வரைக்கும் போய், இடுப்பளவு பனியில் புதைந்துவிட்டு வந்தோம்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமியார். பாசிர் கூடாங்கில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை, மூன்று மகன்கள், கடைக்குட்டிதான் என் மாப்பிள்ளை. ஆளைப் பார்த்த பார்வையிலேயே அளவெடுத்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் ரவிக்கையை ஒரு நோட்டம் விட்டு, "கை கொஞ்சம் இறுக்கமா இருக்குங்களே, பிரிச்சுத் தரவாங்க?" என்றார். அவர் பேச்சில் 'ங்க' குறையவே குறையாது. அந்த 'ங்க'வோடுதான் குத்துவார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதே பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. நான் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அந்தப் பயணம் எங்களுக்காகப் போட்டதே இல்லை. ஜப்பானின் வடகோடியில் பனி மலை, காலில் ஸ்னோஷூ கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடை, கூடவே ஒரு வழிகாட்டி, பனிக்காலத்து மிருகங்களைப் பார்ப்பது என்று மகளும் மாப்பிள்ளையும் ஆசை ஆசையாகப் போட்ட திட்டம் அது. போகட்டும் என்று இரண்டு அம்மாக்களையும் சேர்த்துப் பதிந்து வைத்திருந்தார்கள். என் கணவருக்கு ஏர்கோன் காற்றே ஆகாது, அதனால் அவரை யாரும் கேட்கக்கூட இல்லை. புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது மகள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. டாக்டர் மலை வேண்டாம் என்றார். மாப்பிள்ளை மனைவியை விட்டு நகர மாட்டேன் என்றார். மிச்சம் நாங்கள் இருவர்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றார் என் கணவர். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்ததும் மகள் யார் வீட்டில் பத்தியம் இருப்பது? தலைப் பிரசவம் தாய்வீட்டில், இதில் பேச என்ன இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் சம்பந்தி பேசினார்.

"எங்க வீட்டுல ரூம்பு கீழயே இருக்குங்க. உங்க வீட்டுல புள்ள பெத்தவ மாடி ஏறணுமேங்க?"

"ஏற மாட்டா. கீழ ஹால்ல படுக்க வைப்பேன்."

"ஹால்லயாங்க? வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கவா?"

இப்படியே போகும். மெர்சிங்கில் அவருக்குத் தெரிந்த மீன்காரர் ஒருவர் உண்டாம், பால் சுரக்கச் சுறா மீன் நேராக அவர் வீட்டுக்கே வருமாம். என் வீட்டுக்குப் பின்னால் கம்போங் கோழி, சுத்தமான நாட்டுக்கோழி, வளர்க்கிறார்கள் என்பேன் நான். பூண்டு யார் நன்றாக வதக்குவது என்பது வரைக்கும் போய்விட்டோம். மகள் எங்கள் இருவர் வீட்டிலும் இல்லை, ஜோகூர் பாருவில் தனி வீட்டில் இருந்தாள். அதனால் இரண்டு பேரும் அங்கே போய்த்தான் சண்டை போடுவோம். ஒரு நாள் குளியலறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், மேசையில் கிடந்த சுற்றுலாத் தாளை எடுத்து எங்கள் முன்னால் விசிறிப் போட்டாள்.

"இங்க பாருங்க. நரி பாக்கலாம்னு போட்டிருக்கான். யாரு மொதல்ல நரி மொகத்துல முழிக்கிறீங்களோ, அவங்க வீட்டுக்கு நான் வரேன். முடிஞ்சிச்சு. இனிமே யாராச்சும் இந்தக் கதைய எடுத்தீங்கன்னா, நேரா காசு குடுத்துப் பத்தியம் பாக்குற கன்ஃபைன்மெண்ட் சென்டர்ல போய்ப் படுத்துக்குவேன்."

அவள் எங்கள் வாயை அடைக்கச் சொன்னாள். நாங்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம். சம்பந்தி அந்தத் தாளைக் கையில் எடுத்து, நரியின் படத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அளவெடுக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் பயிற்சி. அவர் படுக்கையறை ஏர்கோனைக் கடைசி வரை குறைத்துவிட்டுப் போர்வை இல்லாமல் படுக்கிறார் என்று மாப்பிள்ளை மூலமாகச் செய்தி வந்தது. நான் சும்மா இருப்பேனா? பேரங்காடியில் உறைந்த மீன் வைத்திருக்கும் பகுதியில், எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வேலை செய்யும் பையன் வந்து, "ஆன்ட்டி, சாரி அப்பா?" என்று மலாயில் கேட்டான், என்ன தேடுகிறீர்கள் என்று. என்ன தேடுகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அவன் ஓடியிருப்பான்.

போய்ச் சேர்ந்தோம். குளிரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைப் பழகியிருக்கிறேன் என்று நினைத்த என் மூளையைத்தான் திட்ட வேண்டும். கூட வந்த கூட்டம் எல்லாம் பனிச்சறுக்குக்கும் நண்டு சாப்பிடவும் போய்விட்டது. மிருகம் பார்க்கும் நடைக்கு நாங்கள் இருவர் மட்டும்தான். வழிகாட்டி ஓர் இளம்பெண், சிவப்புத் தொப்பி, அளந்து பேசும் ஆங்கிலம். அவள் எங்கள் காலடியில் மண்டியிட்டு ஸ்னோஷூவைக் கட்டிவிட ஆரம்பித்தாள். சம்பந்திக்குத் தாங்கவில்லை.

"என்னங்க இது, கால்ல மொறத்தக் கட்டுறாங்க?"

முறம் என்றால் சரியான முறம். அகலமாக, முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, அடியில் இரும்புப் பல்லோடு. பூட்ஸுக்கு அடியில் அதை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். உடம்பின் பாரம் அந்த அகலத்தில் பரவிவிடுமாம், பனிக்குள் கால் இறங்காதாம். அந்தப் பெண் கையால் செய்து காட்டினாள். அப்புறம் சில விதிகள் சொன்னாள். நரியைப் பார்த்தால் தொடக்கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசவே கூடாது. இதைச் சொல்லும்போது ஏனோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விடுதியிலிருந்து வேனில் வரும்போது அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள், பாவம்.

நடந்தோம். காலை அகட்டி அகட்டி வைத்தால்தான் ஒரு முறம் இன்னொரு முறத்தை மிதிக்காமல் இருக்கும். வெள்ளை மரங்கள், வெள்ளைத் தரை, எதுவுமே சத்தம் போடவில்லை. சீவி எடுத்து இன்னும் சிரப் ஊற்றாத ஐஸ் கச்சாங்கை யாரோ மலை முழுக்கக் கொட்டி வைத்திருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் சண்டையைக்கூட மறந்துவிட்டேன். சம்பந்தி மறக்கவில்லை.

"சம்மந்தி" என்றார் மெதுவாக, பின்னாலிருந்து. "உங்க ஜேக்கெட் தோள்ல லூசா இருக்குங்க. குளிர் உள்ள போகும்."

"போனா போகட்டும்."

"நான் எதுக்குச் சொல்றேன்னா, உங்களுக்கு ஒடம்புக்கு வந்துட்டா, அப்புறம் புள்ள பெத்தவள யாருங்க பாத்துக்குறது?"

நான் ரகசியமாகத்தான் பதில் சொன்னேன். என் ரகசியம் எப்படிப்பட்டது என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றிருந்த மான் ஒன்று, வெள்ளைப் பின்புறத்தைக் காட்டிவிட்டு ஓடியே போய்விட்டது. வழிகாட்டிப் பெண் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம்.

அதற்கப்புறம் ஒரு மரங்கொத்தியையும் துரத்தினோம். அணில் ஒன்றைச் சம்பந்தி தனியாகவே துரத்தினார், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்துக் கொஞ்சம் குனிந்து வணங்கினாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். வணங்குகிறவளை என்ன செய்வது? மானம் போனது எங்களுக்கு.

ஓரிடத்தில் நின்று பனியில் தடம் ஒன்றைக் காட்டினாள். ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்னக் குழிகள்.

"ஃபாக்ஸ்" என்றாள், காற்றில் ஊதுகிற மாதிரி.

"ஓட்டுத் தையல்ங்க" என்றார் சம்பந்தி, என் காதில். "பாருங்க, ஒரு எட்டுகூடக் கோணல. இப்படித் தைக்கிற புள்ள ஒண்ணு கெடைச்சா கடையில வெச்சுக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உடனே அடக்கிக்கொண்டேன், எதிரியோடு என்ன சிரிப்பு.

தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டு அந்தப் பெண் சரிவுக்கு அப்பால் இறங்கினாள். நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மரத்தடியில், பனிக்கு மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மரத்தால் செய்த ஒரு வாசல். பாதி புதைந்திருந்தது. அதற்குப் பின்னால் கூண்டு அளவுக்கு ஒரு சின்னக் கோயில். வாசலில் கல்லில் ஒரு நரி, தலையில் பனித்தொப்பியோடு, கழுத்தில் யாரோ கட்டிவிட்ட சிவப்புத் துணியோடு.

"பாத்துட்டேன்!" என்றார் சம்பந்தி. "நரி! நான்தாங்க மொதல்ல!"

"அது கல்லு."

"நரிதானேங்க? மொகம் இருக்குல்ல? நேராப் பாத்தேன்ல?"

"கல்லு நரி கணக்குல சேராது. அப்படிப் பாத்தா அந்தத் தாள்ல படம் இருந்துச்சே, அன்னைக்கே ரெண்டு பேரும் பாத்துட்டோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். இந்த வாதம் எடுபடாது என்று தெரிந்ததும் கட்சி மாறிவிட்டார். நேரடியாகச் சாமியிடமே மனு கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார் போல. நரியை வாசலில் வைத்திருக்கிற சாமிக்கு ஒரு நரியை அனுப்புவதா கஷ்டம்? அவர் வாசலை நோக்கித் திரும்பியதைப் பார்த்ததும் எனக்கும் அது புரிந்துவிட்டது. அவரை முந்திக்கொள்ள நானும் திரும்பினேன்.

"சம்மந்தி!" என்றார் அதிர்ந்துபோய். "கோயிலுக்குள்ள செருப்போடவாங்க போவீங்க?"

நான் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் என் அறிவு எங்கே போயிற்று என்று பலர் கேட்டுவிட்டார்கள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, வாசலில் செருப்பைக் கழற்றுவது என் காலுக்குத் தெரிந்த விஷயம், அதை மூளையிடம் கேட்டுச் செய்வதில்லை. கோயில் வாசலில் நின்றுகொண்டு, முறம் கட்டிய காலோடு கும்பிட எனக்கு மனசு வரவில்லை. முதலில் முறம், அப்புறம் பூட்ஸ் என்று குனிந்து வாரை இழுத்தேன். அவரும் இழுத்தார். யார் முதலில் கழற்றுவது என்பதிலும் போட்டி. தையல்காரர் விரல், அவர்தான் ஜெயித்தார். முறத்திலிருந்து இறங்கி, பயபக்தியோடு ஓர் அடி எடுத்து வைத்தார்.

இடுப்பு வரைக்கும் காணாமல் போனார்.

"அலமாக்!" என்றார், ஐயோ அம்மா என்கிற மாதிரி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் 'ங்க'வே இல்லை.

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அப்புறம் பாவமாகப் போய், தூக்கிவிடலாம் என்று கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தேன். நானும் கழற்றிவிட்டேன் என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை.

இப்படியாக நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக, கை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரத்தில், ஊன்றிய மரவள்ளிக் குச்சிகள் மாதிரி நின்றோம். காலை எடுக்கப் பார்த்தால் இன்னும் இறங்கியது. குரல் கொடுத்தால் அந்தப் பெண் வந்துவிடுவாள்.

"கூப்பிடுங்களேன்" என்றார் சம்பந்தி.

"நீங்க கூப்பிடுங்க."

"உங்க தொண்டைதாங்க பெரிசு."

"அவ மறுபடி கும்பிடுவா. எனக்கு வெக்கமா இருக்கு."

அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கூப்பிடவில்லை. அவளாக வரட்டும் என்று நின்றோம். நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. சண்டையைத் தொடரலாம் என்றால், கால் விறைத்தபிறகு சண்டைக்குச் சூடு வரவில்லை. சம்பந்தி கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள்ளிருந்து பேச ஆரம்பித்தார்.

"எனக்கு மூணும் பசங்கங்க. மூணு தடவையும் எங்கம்மா வந்து மருந்து அரைச்சுக் குடுத்து, தலைக்கு ஊத்தி, எல்லாம் செஞ்சாங்க. நமக்கும் ஒரு காலம் வரும், நாமளும் செய்யணும்னு எல்லாத்தையும் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். மூத்த மருமக மாசமானா, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டாவதும் போயிட்டா. தப்பு இல்லீங்க, அதான மொற. நான் பழம் வாங்கிக்கிட்டு விருந்தாளி மாதிரி போய், புள்ளயப் பாத்துட்டு, தண்ணி குடிச்சிட்டு வருவேன். இவதான் கடைசி."

துணிக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினார். அப்புறம், "பையனப் பெத்தவளுக்கு முறையே இல்லீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இத்தனை நாள் அவர் மேல் வைத்திருந்த கோபத்தை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்றுதான். எனக்கு ஒரே மகள். இந்தப் பத்திய நாட்களுக்காக நானும்தான் காத்திருந்தேன். அதையும் சொல்லியிருக்கலாம்தான். அவர் சொன்னதற்கு முன்னால் என்னுடையது ஏற்கெனவே ஜெயித்துவிட்ட வழக்கு மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ நகர்ந்தது.

நான் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினேன். செம்பழுப்பில் ஒரு முதுகு, கரியில் மிதித்துவிட்டு வந்த மாதிரி கறுத்த கால்கள், நுனியில் வெள்ளை பூசிய பெரிய வால். என் பின்னாலிருந்து வந்து, என்னைத் தாண்டி, எங்கள் இருவருக்கும் நடுவே போய் நின்றது. முறம் கட்டாத அந்தக் கால் பனிக்குள் இறங்கவே இல்லை. வால் என் பக்கம். முகம் சம்பந்தி பக்கம்.

சம்பந்திக்கு எதுவும் தெரியவில்லை. கழுத்துத் துணிக்குள் பேசிய மூச்செல்லாம் மேலே ஏறி, மூக்குக்கண்ணாடி இரண்டு வட்டமும் வெள்ளையாகியிருந்தது. நரி அவரை நேருக்கு நேராக, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரோ மூடுபனிக்குள் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். நரி போய்விடும், இரண்டு பேரும் பார்க்கவில்லை என்றாகும், பழைய வழக்கம் அப்படியே நிற்கும், மகள் என் வீட்டுக்கு வருவாள். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டே ஜெயித்திருக்கக்கூடிய ஒரே சண்டை அதுதான்.

"சம்மந்தி" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை. "கண்ணாடியக் கழட்டுங்க. மெதுவா. பேசாதீங்க."

கழற்றினார். துணி வெட்டவும் ஊசி கோர்க்கவும்தான் அவருக்குக் கண்ணாடி, மற்ற நேரம் பழக்கத்தில் போட்டிருப்பார். கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் சிமிட்டவே இல்லை. வாய் திறந்தது. சின்னப் பிள்ளைக்கு முதல் தடவையாகப் பட்டுத்துணி போட்டுக் கண்ணாடியில் காட்டினால் ஒரு முகம் வருமே, அந்த முகம். நரியின் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை. இந்த முகத்தைப் பார்த்தேன்.

நரி அவரைப் பார்த்து முடித்துவிட்டு, அவசரமே இல்லாமல், கல் நரியைத் தாண்டி மரங்களுக்குள் நடந்து போனது. ஓட்டுத் தையல் பின்னாலேயே போனது.

வழிகாட்டிப் பெண் வந்து பார்த்தபோது, காலுக்கு வெளியே கிடந்த முறங்களையும் முறத்துக்கு வெளியே நின்ற எங்களையும் பார்த்துப் பயந்துவிட்டாள். மண்டியிட்டுக் கையால் பனியைத் தோண்டினாள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டாள். "காட் ஹவுஸ், நோ ஷூஸ்" என்றார் சம்பந்தி, கண்டிப்பாக. அந்தப் பெண் கோயிலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கையுறையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். காட்டில் சத்தம் போடக்கூடாது என்ற விதியை அன்றைக்கு மீறிய மூன்றாவது ஆள் அவள்தான்.

மாலையில் விடுதிக்கு வந்து, காலுக்கு உயிர் வந்து வலிக்க ஆரம்பித்தபிறகு மகளை வீடியோவில் கூப்பிட்டோம். தோற்றதை நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சம்பந்தி போனைப் பிடுங்கிவிட்டார்.

"மொதல்ல பாத்தது உங்கம்மாதாம்மா. எனக்குக் காட்டிக் குடுத்ததே அவங்கதான். நீ அங்கயே போயிரு."

"பொய்! நான் பாத்தது வாலு" என்றேன். "நீ சொன்னது மொகம். மொகத்துல முழிச்சது உங்க அத்தைதான்."

"வாலும் நரியோடதுதானேங்க?"

"கல்லு நரிக்குச் சண்டை போட்டவங்கதானே நீங்க? இப்ப உசுரு நரி வந்து மொறைச்சுப் பாத்துட்டுப் போயிருக்கு, வேணாம்ங்கிறீங்க?"

திரையில் ஒரு முகம் பெரிதாகிப் பக்கத்தில் வந்தது. "மா" என்றாள் மகள். "ரெண்டு பேருக்கும் காய்ச்சலா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விட்டுக்கொடுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்தப் பெண்மணி. "அப்ப நீங்களும் வந்து எங்க வீட்டுலயே இருங்க!" என்று கத்தினேன். "சுறாவ யாரு ஆயிறது? எனக்கு அந்த வாடையே ஆகாது!"

"சரிங்க" என்றார்.

கத்தரி துணியில் ஓடுகிற வேகத்தில் வந்த 'சரிங்க' அது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போனை வைத்தபிறகு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "மெசின உங்க ஹால் ஜன்னல் பக்கம் போட்டுக்கிறேங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கும். அன்னைக்கு வந்தப்பவே பாத்து வெச்சேன்."

விட்டுக்கொடுத்தாரா, வெட்டித் தைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

பேத்தி பிறந்தாள். சம்பந்தி பெட்டியும் தையல் மெஷினுமாக உலு திராமுக்கு வந்து இறங்கினார். மெர்சிங் சுறாவும் பின்னாலேயே வந்தது. கோழியா சுறாவா என்று நாங்கள் போட்ட சண்டையில் மகள் இரண்டையும் தின்றாள். என் கணவர் அமைதியான வீடு வேண்டும் என்று கேட்ட பாவத்துக்கு, காலையில் மெஷின் சத்தத்திலும் மாலையில் எங்கள் சத்தத்திலும் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் பேத்தியைக் குளிப்பாட்டினோம். அவர் காலில் போட்டுக்கொள்வார், நான் தண்ணீர் ஊற்றுவேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அவர் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்வார், நான் சொம்போடு காத்திருப்பேன்.

ஒரே ஒரு போட்டி மட்டும் மிஞ்சியது. விடியற்காலையில் பேத்தி கண் திறக்கும்போது யார் முகம் முதலில் தெரிய வேண்டும்? தொட்டில் அசையும் சத்தம் கேட்டதும் அவர் ஒரு பக்கத்திலிருந்து வருவார், நான் இன்னொரு பக்கத்திலிருந்து வருவேன். இரண்டு தலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும். பேத்தி கண்ணைத் திறந்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுவாள்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை சிங்கப்பூர் வேலைக்குப் போவதற்கு முன்னால் எட்டிப் பார்க்க வந்தார். பேத்தி நன்றாகத் தூங்குகிறாளா, தொந்தரவு இல்லாமல் இருக்கிறாளா என்று மகளிடம் கேட்டார். மகள் படுத்தபடியே எங்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவளுக்கு என்னா கொறை? தெனமும் நரி மொகத்துலதான் முழிக்கிறா. ஒண்ணு இல்ல, ரெண்டு."